நம்ம சென்னையின் அணியோட பெஸ்ட் பத்தாம் நம்பர் யாரு? சண்டை போடாம கணக்குப் போடுவோம்



நேரு ஸ்டேடியத்துல ஐ.எஸ்.எல் மேட்ச் பார்த்துட்டு சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுறவங்களுக்கு இந்தச் சண்டை நல்லாத் தெரியும். பேசின் பிரிட்ஜ் தாண்டுறதுக்குள்ள ஒருத்தன் ஆரம்பிப்பான்: "என்ன இருந்தாலும் எலானோ மாதிரி வராதுடா." கொருக்குப்பேட்டைல இன்னொருத்தன், "கிரிவெல்லாரோ பாஸ் பார்த்திருக்கியா நீ?" என்பான். திருவொற்றியூர் வர்றதுக்குள்ள ரஃபேல் அகஸ்டோ, தாப்பா எல்லாரும் வந்துடுவாங்க. யார் சத்தமா பேசுறானோ அவன் ஜெயிச்சிடுவான். விம்கோ நகர்ல எல்லாரும் இறங்கிடுவாங்க.

இந்தக் கட்டுரையில் அந்தச் சண்டையைக் கொஞ்சம் ஒழுங்காகப் போடலாம். வேற வேற வருஷத்துல, வேற வேற டீமோட, வேற வேற கோச்சுக்குக் கீழே ஆடின ஆட்டக்காரர்களை எப்படி நியாயமாக ஒப்பிடுவது? இதுக்கு நாம செகண்ட் இயர்ல படிச்ச புள்ளியியலே போதும். கடைசியில் என் தீர்ப்பையும் சொல்கிறேன், திட்டுறவங்க திட்டலாம். ஆனா அதைவிட முக்கியமா, இந்தக் கணக்கு நம்ம ஏரியா பசங்களுக்கு ஏன் தேவைப்படுதுன்னும் சொல்லப்போறேன். அதுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்ததே.

முதல்ல, பத்தாம் நம்பர்னா என்ன?

இங்கே பத்தாம் நம்பர் என்பது ஜெர்சி முதுகில் இருக்கிற எண் இல்லை. அது ஒரு வேலையோட பேர். நடுக்களத்துக்கும் ஃபார்வர்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு, பந்து வந்ததும் அடுத்து அது எங்க போகணும்னு முடிவு பண்றவர். எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் ட்ரெய்லர் வரிசையா நிக்கும்போது, ஜங்ஷன்ல நின்னு எந்த வண்டியை எப்போ விடணும்னு கை காட்டுற போலீஸ்காரரை நினைச்சுக்கோங்க. அவர் எந்த வண்டியையும் ஓட்டுறதில்லை. ஆனா அவர் ஒரு நிமிஷம் தப்பாக் கை காட்டினா மொத்த ரோடும் நின்னுடும்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்ல இதே மாதிரி ஒரு இடம் உண்டு. அதுக்குப் பேர் குவார்ட்டர்பேக். அது கையில பிடிச்சு எறியுற வேற விளையாட்டு. ஆனா அந்த ஊர் ரசிகர்களுக்கும் நம்ம பசங்களுக்கும் வியாதி ஒண்ணுதான். "இந்த வருஷ குவார்ட்டர்பேக் பெருசா, பத்து வருஷம் முன்னாடி இருந்தவர் பெருசா"ன்னு சண்டை போட்டுக்கிட்டே இருப்பாங்க. அதுக்காக அங்க கல்லூரி விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ அமைப்பு 1979லேயே ஒரு சூத்திரம் கொண்டுவந்தது. எறிஞ்சு கிடைச்ச கெஜத்தை 8.4ஆல் பெருக்கணும். டச்டவுன் ஒவ்வொண்ணுக்கும் 330 கூட்டணும். சரியாப் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு எறிக்கும் 100 கூட்டணும். எதிரணி கையில மாட்டின ஒவ்வொரு எறிக்கும் 200 கழிக்கணும். வந்ததை மொத்த எறிகளால் வகுக்கணும்.

ஒரு சின்ன உதாரணம்: ஒருத்தர் 30 முறை எறிஞ்சார், 20 போய்ச் சேர்ந்தது, 240 கெஜம், 2 டச்டவுன், 1 எதிரணிக்குப் போச்சு. 2016 + 660 + 2000 − 200 = 4476. அதை 30ஆல் வகுத்தா 149.2. அவ்வளவுதான், ஒருத்தரை ஒரே எண்ணுல அடக்கிட்டாங்க.

நம்ம ஃபுட்பால்ல இது ஏன் முடியலை? குவார்ட்டர்பேக் கையில கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டத் துண்டிலும் பந்து வரும். எறி ஆரம்பிக்கும், முடியும். எண்ணுறது சுலபம். நம்ம பத்தாம் நம்பருக்கு அப்படி ஆரம்பமும் முடிவும் கிடையாது. அவர் பந்தே தொடாம ஒரு பக்கம் ஓடி, எதிரணி டிஃபெண்டரைக் கூட இழுத்துக்கிட்டுப் போய், அந்தக் காலி இடத்துல வேற ஒருத்தர் கோல் போடலாம். ஸ்கோர் ஷீட்ல அவர் பேர் வரவே வராது.

சரி, முடியாதுன்னு விட்டுடலாமா? வேண்டாம். முடிஞ்ச வரைக்கும் போவோம்.

போட்டியில இருக்கிறவங்க

நாலு பேரை எடுத்துக்கலாம்.

எலானோ: பிரேசில் தேசிய அணிக்காக 2010 உலகக் கோப்பையில் கோல் போட்டவர், அதுக்கு முன்னாடி மான்செஸ்டர் சிட்டியில் ஆடியவர். 2014ல் ஐ.எஸ்.எல் தொடங்கினப்போ நம்ம அணியோட நட்சத்திர வீரர். அந்த சீசன்ல 8 கோல், கோல்டன் பூட். அணி லீக் சுற்றுல முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ்கிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல போச்சு. அடுத்த வருஷம் கோப்பை ஜெயிச்ச அணியிலும் இருந்தார்.

ரஃபேல் அகஸ்டோ: இவரும் பிரேசில்காரர். 2015லிருந்து 2018–19 வரை நாலு சீசன். பந்தைக் காலோட ஒட்டி வெச்சுக்கிட்டு நடுக்களத்தைத் தாண்டுறதுல கில்லாடி. 2018 மார்ச் 17, பெங்களூருவில் நடந்த இறுதிப் போட்டி நினைவிருக்கா? பெங்களூரு எஃப்.சி அவங்க சொந்த மைதானத்துல ஒன்பதாவது நிமிஷமே முன்னாடி போயிட்டாங்க. மைல்சன் ஆல்வெஸ் ரெண்டு கோல் போட்டுத் திருப்பினார். 67ஆவது நிமிஷம் மூணாவது கோல் ரஃபேல் போட்டது. 3–2, ரெண்டாவது கோப்பை.

ரஃபேல் கிரிவெல்லாரோ: பேர்ல பாதி அதே, நாடும் அதே, கால் மட்டும் இடது. 2019–20 சீசன்ல 7 கோல், 8 அசிஸ்ட். அந்த வருஷம் அணி இறுதிப் போட்டி வரை போய், ஆளே இல்லாத கோவா மைதானத்துல ஏ.டி.கே அணிகிட்ட 1–3ன்னு தோத்தது. கொரோனா ஆரம்பிச்ச வாரம் அது.

அனிருத் தாப்பா: டேராடூன் பையன். 2016ல் பதினெட்டு வயசுல வந்து 2023 வரை நம்மகூடவே இருந்தவர், கேப்டனும் ஆனார். 2019 ஆசியக் கோப்பையில் இந்தியா தாய்லாந்தை 4–1ன்னு ஜெயிச்சதே, அதுல ஒரு கோல் இவரோடது.

இப்போ கணக்குக்குப் போகலாம்.

படி 1: மொத்தத்தை நம்பாதே, வகுத்துப் பாரு

எலானோ 8, கிரிவெல்லாரோ 7. பார்த்தவுடனே "ஒரு கோல்தானே வித்தியாசம்" என்று தோணும். ஆனா 2014ல் மொத்தம் எட்டு அணிதான். ஒவ்வொரு அணிக்கும் லீக்கில் 14 மேட்ச். அரையிறுதி ரெண்டையும் சேர்த்தா நம்ம அணி ஆடினது 16. 2019–20ல் பத்து அணி, லீக்கில் 18 மேட்ச், அரையிறுதி ரெண்டு, இறுதி ஒண்ணு, ஆக 21.

அணி ஆடின மேட்ச்சால வகுத்தா எலானோ 0.50, கிரிவெல்லாரோ 0.33. இப்போ வித்தியாசம் பெருசாத் தெரியுது இல்லையா?

படி 2: அந்தக் காலத்து விலைவாசி என்ன?

நம்ம தாத்தா "அப்போ ஒரு ரூபாய்க்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்" என்று சொன்னா, இன்னைக்கு ரூபாயோட அதை நேரடியா ஒப்பிடுவோமா? கோலுக்கும் விலைவாசி உண்டு. 2014 சீசன்ல ஒரு மேட்ச்சுக்குச் சராசரியா சுமார் 2.1 கோல்தான் விழுந்தது. 2019–20ல் சுமார் 3.1. அதாவது 2014ல் கோல் அரிதான சரக்கு, அதனால ஒவ்வொண்ணுக்கும் மதிப்பு அதிகம்.

எலானோவோட 8 கோலை 2019–20 விலைக்கு மாத்தினா: 8 × 3.1 ÷ 2.1 = கிட்டத்தட்ட 12. லோக்கல்ல "எலானோ மாதிரி வராது"ன்னு கத்தினவன் இப்போ காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆனா அவசரப்படாதே தம்பி, இன்னும் இருக்கு.

படி 3: எதை எண்ணுறோம்?

கேரம்ல ரெட் போட்டா மட்டும் பத்தாது, ஃபாலோ போடணும். அது நம்ம ஏரியால சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோல் என்பது ஃபாலோ மாதிரி, கடைசியா விழுற காய். பத்தாம் நம்பரோட முக்கிய வேலை அதுக்கு முந்தின தட்டு.

2014ல் நம்ம அணி லீக்கில் 24, அரையிறுதியில் 3, ஆக 27 கோல் போட்டது. அதில் எலானோ கோல் 8, அதாவது சுமார் 30 சதவீதம். 2019–20ல் லீக்கில் 32, அரையிறுதியில் 6, இறுதியில் 1, ஆக 39. அதில் கிரிவெல்லாரோ கோல் 7, சுமார் 18 சதவீதம். எலானோ ரொம்ப முன்னாடி.

ஆனா கிரிவெல்லாரோவோட 8 அசிஸ்ட்டையும் சேர்த்தா 39ல் 15. அதாவது 38 சதவீதம்! அந்த சீசன்ல அணி போட்ட அஞ்சு கோல்ல ரெண்டுக்கு அவர் கால் நேரடிக் காரணம். எலானோ கணக்கில் அசிஸ்ட்டைச் சேர்த்தா அவர் பங்கும் ஏறும் என்பதை மறந்துடக் கூடாது. நான் சொல்ல வர்றது, எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுவே பாதித் தீர்ப்பை எழுதிடுது. 30க்கு 18ன்னு சொன்னவனும் பொய் சொல்லலை, 38ன்னு சொன்னவனும் பொய் சொல்லலை. வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்காங்க.

இன்னொண்ணு. எலானோவோட 8 கோல்ல ஃப்ரீ-கிக்கும் பெனால்டியும் இருக்கு. முதல் மேட்ச்சிலேயே கோவாவுக்கு எதிரா ஒரு ஃப்ரீ-கிக் கோல். நின்ன பந்தை அடிக்கிறதும் ஒரு கலைதான், குறைச்சல் இல்லை. ஆனா ஓடுற ஆட்டத்துல வழி திறக்கிறது வேற திறமை. ரெண்டையும் ஒரே பையில போட்டா, பத்தாம் நம்பரை மதிப்பிடுறோமா, கிக் அடிக்கிறவரை மதிப்பிடுறோமா என்றே தெரியாமப் போயிடும்.

படி 4: அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு இடம்?

இதுதான் எனக்குப் பிடிச்ச படி. எப்பவாவது நடக்கிற நிகழ்ச்சியை எண்ணும்போது, எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் சும்மாவே இருக்கும். பாய்சான் பரவல், எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி படிச்சோமே, அதேதான்.

8இன் வர்க்கமூலம் சுமார் 2.8. 7இன் வர்க்கமூலம் சுமார் 2.6. மேட்ச்சுக்கு இவ்வளவுன்னு மாத்தினா எலானோ 0.50, கூடக் குறைய 0.18. கிரிவெல்லாரோ 0.33, கூடக் குறைய 0.13. ரெண்டு பிழையையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தா 0.22 வருது. ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசமோ 0.17தான்.

புரியுதா? வித்தியாசத்தைவிடப் பிழை பெருசு. கம்பத்துல பட்டு வெளியே போன ரெண்டு பந்து உள்ள விழுந்திருந்தா மொத்தக் கதையும் மாறியிருக்கும். "எலானோ கோல் அடிக்கிறதுல கிரிவெல்லாரோவைவிடப் பெரிய ஆள்"னு இந்த ஒரு சீசன் எண்ணை மட்டும் வெச்சு யாராவது சத்தியம் பண்ணினா, அவர் ஃபுட்பால் பேசலை, ஜோசியம் பேசுறார்.

படி 5: பக்கத்துல யார் இருந்தா?

லேப்ல ஒரு நேரத்துல ஒரு விஷயத்தைத்தான் மாத்தணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஃபுட்பால்ல அது நடக்கவே நடக்காது.

2020–21 சீசனைப் பாருங்க. கிரிவெல்லாரோதான் கேப்டன். பாதி சீசன்ல கணுக்கால் காயம், அதோட அந்த வருஷம் முடிஞ்சது. அணி 20 மேட்ச்சில் போட்டது 17 கோல். 11 டிரா. எட்டாவது இடம். போன வருஷம் மேட்ச்சுக்கு 1.86 கோல் போட்ட அணி, இந்த வருஷம் 0.85. "பாத்தியா, அவர் இல்லைன்னா டீமே இல்ல"ன்னு சொல்லத் தோணுது இல்லையா?

கொஞ்சம் நில்லுங்க. போன வருஷம் 15 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கின வால்ஸ்கிஸ் ஜாம்ஷெட்பூருக்குப் போயிட்டார். கோச் ஓவன் கோயலும் அங்கேயே போயிட்டார். ரசிகர் இல்லாத மைதானம், கோவாவுல அடைஞ்சு கிடந்து ஆடின சீசன். நாலு விஷயம் ஒரே நேரத்துல மாறியிருக்கு. எதோட பங்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிப்பீங்க?

2019–20க்கு உள்ளேயே ஒரு நல்ல பாடம் இருக்கு. முதல் நாலு மேட்ச்சில் நம்ம அணி ஒரு கோல்கூடப் போடலை. அப்பவும் அதே கிரிவெல்லாரோ இருந்தார், அதே வால்ஸ்கிஸ் இருந்தார். நவம்பர் கடைசியில் கோச் ஜான் கிரெகரி விலக, கோயல் வந்தார். அதுக்கப்புறம் லீக்கில் நாலாவது இடம், இறுதிப் போட்டி. ஆள் அதே, அவரை நிக்க வெச்ச இடமும் ஆடச் சொன்ன விதமும் வேற.

ரஃபேல் அகஸ்டோ கதையும் அப்படித்தான். 2017–18ல் சாம்பியன். அடுத்த சீசன் 18 மேட்ச்சில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். கோச் அதே கிரெகரி, நடுக்களத்துல அதே ரஃபேல், அதே தாப்பா. ஒரே வருஷத்துல திறமை ஆவியாப் போயிடுமா என்ன? கோப்பையை மட்டும் வெச்சு ஆட்டக்காரரை எடை போட்டா, 2018 மார்ச்சில் மேதையா இருந்த ரஃபேல் 2019 மார்ச்சில் ஒண்ணுமில்லாதவர் ஆயிடுவார். அது கணக்கு இல்லை, கேலி.

2015ஐயும் சேர்த்துக்கோங்க. அந்த வருஷம் ஒரு கட்டத்துல அட்டவணையில கடைசியில கிடந்த அணி, லீக்கோட கடைசி நாலு மேட்ச்சையும் ஜெயிச்சு அரையிறுதிக்கு வந்தது. டிசம்பர் வெள்ளத்துல ஊரே மூழ்கினதால நம்ம சொந்த அரையிறுதியை பூனாவுல ஆட வேண்டியதாச்சு. அங்க ஏ.டி.கேவை 3–0ன்னு அடிச்சு, அப்புறம் கோவாவுல போய் 3–2ன்னு கோப்பையைத் தூக்கினாங்க. அந்த சீசன்ல 13 கோல் போட்டு அணியைச் சுமந்தவர் மெண்டோசா என்ற ஃபார்வர்ட். பத்தாம் நம்பருக்கு அதில் எவ்வளவு பங்கு? அப்படி ஓடுற ஆள் முன்னாடி இருந்தா பாஸ் குடுக்கிறவர் வேலை பாதியாக் குறையும். பாஸ் நல்லா வந்தா ஓடுறவர் வேலை பாதியாக் குறையும். ரெண்டும் உண்மைதான்.

படி 6: அந்த இடத்துல நிக்க யாருக்கு வாய்ப்பு கிடைச்சது?

இதுவரைக்கும் போட்ட கணக்குல மூணு பேர் பிரேசில். இது தற்செயலா? இல்லை.

ஐ.எஸ்.எல் ஆரம்பிச்ச 2014லிருந்து 2016 வரை மைதானத்துல ஒரே நேரத்துல 6 வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஆடலாம். 2017–18லிருந்து 5. 2021–22லிருந்து 4. ஒரு கோச்சா யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு ஆறு வெளிநாட்டு இடம் இருந்தா எங்க வைப்பீங்க? முதுகெலும்புல: சென்டர் பேக், நடுக்களம், பத்தாம் நம்பர், ஸ்ட்ரைக்கர். இந்தியப் பசங்களுக்கு மிச்சம் கிடைக்கிறது பெரும்பாலும் ஓரங்களும், டிஃபென்ஸுக்கு முன்னாடி நிக்கிற தடுப்பு வேலையும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு தாப்பாவைப் பாருங்க. ஏழு வருஷம். கோச் மாறிக்கிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு கோச்சும் ஒவ்வொரு இடத்துல நிக்க வெச்சாங்க: தடுப்பு, நடு, சில நேரம் முன்னாடி. ஒரு சீசன் முழுக்க "இது உன் டீம், நீ கை காட்டு"ன்னு அவருக்குக் கிடைச்ச நேரம் எவ்வளவு? அவரோட எண்களை எலானோ எண்களோட வரிசையா எழுதினா சின்னதாத்தான் தெரியும். ஒருத்தருக்குச் சுத்தியலும் இன்னொருத்தருக்கு ஸ்பேனரும் குடுத்துட்டு யார் நிறைய ஆணி அடிச்சாங்கன்னு எண்ணுற மாதிரி அது.

இப்போ நம்ம ஊர்ப் பையனுக்கு வருவோம். வியாசர்பாடி தனபால் கணேஷ். 2018 கோப்பை அணியோட நடுக்களத்துல டிஃபென்ஸுக்கு முன்னாடி நின்னு எதிரணி பந்தைப் பிடுங்கி, பக்கத்துல இருக்கிறவருக்குக் குடுக்கிற வேலை அவருக்கு. அந்தப் பந்தை வாங்கி ஆடினவங்கள்ல ஒருத்தர் ரஃபேல். ரஃபேல் அழகா ஆடினார்னு நாம கை தட்டினோம் இல்லையா, அந்தப் பந்து அவர் காலுக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது எந்த ஷீட்லயும் கிடையாது. 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியத்துல கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் 29ஆவது நிமிஷம் ஒரு கோல் போட்டார் கணேஷ். அன்னைக்குத்தான் பல பேருக்கு அவர் பேரே தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி சீசன் முழுக்க அவர் செஞ்ச வேலை, அந்த ஒரு கோலைவிடப் பெருசு.

இன்னொரு வியாசர்பாடிப் பையன் நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்கால் 1–0ன்னு ஜெயிச்ச அந்த ஒரே கோல் அவரோடது. கொல்கத்தாவே பேர் சொல்லிக் கத்துச்சு. அவர் ஓரத்துல ஆடுறவர், கோல் போடுறவர், அதனால பேர் வெளிய வந்தது. நல்லது. ஆனா கேள்வி என்னன்னா, கோல் போடாத இடத்துல ஆடுற நம்ம பசங்க பேரை யார் எழுதறது?

சரி, தீர்ப்பு?

ஓடிப்போகலை, சொல்றேன்.

ஒரே ஒரு சீசன், பத்தாம் நம்பர் என்ற வேலையை மட்டும் பார்த்தா: 2019–20 கிரிவெல்லாரோ. காரணம், கோலும் அசிஸ்ட்டும் சேர்ந்து அணியோட 38 சதவீதம் என்பது சும்மா அதிர்ஷ்டத்துல வர்ற அளவு இல்லை. 15 என்ற எண்ணுக்கு ஏற்ற இறக்கம் சுமார் 4. அதைக் கழிச்சா மிஞ்சுற 11கூட நாலுல ஒரு பங்குக்கு மேல வருது.

"கடைசி நிமிஷம், ஃப்ரீ-கிக், உயிரே போகுது, யாரைக் கூப்பிடுவே?" என்றால்: எலானோ. மறு பேச்சே இல்லை.

தொடர்ந்து நாலு வருஷம், ரெண்டு கோப்பை அணியிலும் இருந்தவர்: ரஃபேல் அகஸ்டோ. இவரோட அருமை எண்ணுல கம்மியாத் தெரியும், மேட்ச் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

"அந்த இடமே கையில கிடைக்காம, கிடைச்ச இடத்துல எல்லாம் ஆடி அணியைத் தாங்கினவர் யார்?" என்றால்: தாப்பா.

"எல்லாருக்கும் ஒரு பரிசு குடுத்துட்டியே"ன்னு கேட்பீங்க. இல்லை. நாலு கேள்விக்கு நாலு பதில் சொல்லியிருக்கேன். லோக்கல் ட்ரெயின் சண்டை முடியாததுக்குக் காரணமே, நாலு பேரும் நாலு கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டு ஒரே கேள்வின்னு நினைச்சுக்கிறதுதான். எந்தக் கேள்வின்னு முதல்ல முடிவு பண்ணிட்டா பாதிச் சண்டை முடிஞ்சிடும். ஒரே ஒரு கேள்விதான் கேட்கணும், ஒரே பேர்தான் சொல்லணும்னா நான் கிரிவெல்லாரோ பக்கம்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

இப்போ ஆரம்பத்துல சொன்ன விஷயத்துக்கு வர்றேன்.

வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் ஃபுட்பால் ஆடுற பையனுக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு, அப்புறம் ரயில்வே, ஐ.சி.எஃப், வங்கி மாதிரி இடங்கள்ல வேலை. பல வீட்டுக்கு முதல் மாசச் சம்பளம் இப்படித்தான் வந்திருக்கு. நம்ம கிளாஸ்லயே அந்தக் கோட்டாவுல வந்தவங்க இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

செலக்‌ஷன் ட்ரையல் எப்படி நடக்குது? ஒரு நாள், இருபது முப்பது நிமிஷம், எழுபது எண்பது பசங்க. பார்க்கிறவங்க கண்ணுல படுறது கோல். கையில எடுத்துட்டுப் போற சான்றிதழ்ல, பேப்பர் கட்டிங்ல எழுதியிருக்கிறதும் கோல். ஸ்ட்ரைக்கர் "இந்த டோர்னமென்ட்ல 6 கோல்"னு காட்டுவான். அவனுக்குப் பந்து குடுத்தவன் என்ன காட்டுவான்? பந்தைப் பிடுங்கினவன்? அவங்க வாயால "நல்லா ஆடுவேன் சார்"னு சொல்லணும். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது.

படி 4ஐ இங்க பொருத்திப் பாருங்க. இருபது நிமிஷ ஆட்டத்துல வர்ற எண்ணிக்கை ஒண்ணோ பூஜ்யமோதான். அதை வெச்சு ஒருத்தன் வாழ்க்கையை முடிவு பண்றது, நாணயத்தை ஒரே ஒரு தடவை சுண்டிப் பார்த்துட்டு அது எப்பவும் தலைதான் விழும்னு சொல்ற மாதிரி.

இதை மாத்த நாம பெருசா ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. ஐ.எஸ்.எல் அணிகளுக்குக் கேமராவும் ஆளும் இருக்கு. நமக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, மொபைல்ல ஒரு ஷீட் போதும். நம்ம காலேஜ் மேட்ச்சோ, ஏரியா டோர்னமென்ட்டோ, அடுத்த தடவை ஓரத்துல உட்கார்ந்து கத்துறதோட இதையும் பண்ணுங்க:

1. ஒவ்வொரு ஆட்டக்காரரும் எத்தனை நிமிஷம் ஆடினார். இது இல்லாம மத்த எதுவும் வேலைக்கு ஆகாது.

2. ஷாட்டுக்கு முந்தின பாஸ் யாருது. கோல் ஆனாலும் ஆகாட்டியும் எழுதுங்க. ஸ்ட்ரைக்கர் வெளியே அடிச்சா அது பாஸ் குடுத்தவன் தப்பு இல்லை.

3. அதுக்கும் முந்தின பாஸ் யாருது. பெரும்பாலும் உண்மையான வழி அங்கதான் திறந்திருக்கும்.

4. எதிரணி காலிலிருந்து பந்தைப் பிடுங்கினது யார், எந்தப் பாதியில.

5. பந்தைத் தொலைச்சது யார். இதையும் எழுதணும், நம்ம நண்பனா இருந்தாலும்.

6. ஃப்ரீ-கிக், கார்னர், பெனால்டியில வந்ததைத் தனிக் கட்டத்துல போடுங்க.

ரெண்டு பேர் தனித்தனியா எழுதி, மேட்ச் முடிஞ்சதும் ஒப்பிட்டுப் பாருங்க. ரொம்ப வித்தியாசம் வந்தா, எதை "பிடுங்கல்" என்று எண்ணுறோம்னு முதல்ல பேசி முடிவு பண்ணிக்கோங்க. அளவுகோல் ஒண்ணா இருக்கணும் இல்லையா? எட்டுப் பத்து மேட்ச் சேர்ந்த பிறகு மேட்ச்சுக்கு எவ்வளவுன்னு வகுத்து ஒரு பக்கத்துல அடிச்சு, அணிப் பயிற்சியாளர்கிட்ட கையெழுத்து வாங்கி அந்தப் பையன் கையில குடுங்க. ட்ரையலுக்குப் போறப்போ கோல் இல்லாத பையனும் ஒரு காகிதம் நீட்டலாம்.

அந்தக் காகிதம் சீட்டு வாங்கித் தரும்னு நான் உத்தரவாதம் குடுக்க மாட்டேன். ஆனா "இந்தப் பையன் பத்து மேட்ச்சுல முப்பது தடவை ஷாட்டுக்கு வழி பண்ணியிருக்கான், ரெண்டாவது பாதியையும் கொஞ்சம் இவனைப் பாருங்க சார்"னு ஒரு வரி சொல்ல வைக்கும்.

புள்ளியியல் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கும் இது நல்ல பயிற்சி. இந்த செமஸ்டர் மேட்ச் அட்டவணை நோட்டீஸ் போர்டுல ஒட்டியாச்சு. எழுத ரெண்டு பேர் வேணும், பேனா நான் தர்றேன்.